முதல் சாட்சி

"தெரியுமா தெரியாதா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா"ன்னு
கேக்காரு வீட்டுக்காரருக்காக வாதாடுத வக்கீல்.
கூண்டுக் கம்பி வழுவழுன்னு இருக்கு,
எனக்கு முந்தி எத்தனை பேர் பிடிச்சதோ.

தெரியும் ஐயா.
கல்யாணமாகிப் பதினோராம் நாளே தெரியும்.
நடுச்சாமம் எந்திரிச்சு
இல்லாத சட்டியில இல்லாத சாந்தைக் குழப்பி
அடுக்களைச் சுவரைப் பூசிட்டு வந்து படுத்தாரு.
கண்ணு திறந்துதான் இருந்துச்சு.
உள்ள ஆள் இல்ல.
கொத்தனாருக்குப் பகல்ல கட்டுனது போதலையாக்கும்னு
அன்னைக்குச் சிரிச்சேன்.

பிறகு கட்டிப்போட ஆரம்பிச்சேன்.
அவரு கணுக்கால், என் கணுக்கால்,
நடுவுல ஒரு முழம் சேலைக் கிழிசல்.
முக்கூடல்ல பீடி சுத்துதவ நான்,
நாளைக்கு ஆயிரம் நூல்கட்டு.
ஆயிரத்தி ஒண்ணாவது ராத்திரிக்கு.
வெளிய சொல்லல.
மாட்டைக் கட்டுத மாதிரி
புருசனைக் கட்டுதேன்னு யாருகிட்ட சொல்ல?

அக்கினி நட்சத்திரம். கரண்டு போயிட்டு.
மொட்டை மாடியில படுத்தோம்,
அவரு, நான், பிள்ளைய ரெண்டு,
ஓரத்துல என் தம்பி கொம்பையா.
பணகுடிப் பக்கம் காத்தாடிக் கம்பெனியில வேலை,
கொடைக்கு லீவு போட்டு வந்தவன்.

அவரு கணுக்கால் கன்னிச் சிவந்து கிடந்துச்சு.
பாவம், இன்னைக்கு ஒருநாள்னு அவுத்தேன்.
அவ்வளவுதான் ஐயா நான் செஞ்சது.
முழிச்சிருந்து செஞ்சது.

கைப்பிடிச் சுவர் பாதியில நின்ன வீடு அது.
மிச்ச ஹாலோபிளாக்கு மூலையில அடுக்கியிருந்துச்சு.
சத்தத்துல நான் முழிச்சப்ப
கல்லை வச்சு முடிச்சு
உள்ளங்கையால தடவி
மட்டம் பாத்துக்கிட்டிருந்தாரு.
பிறகு வந்து படுத்து
காலை என் பக்கம் நீட்டினாரு,
கட்டச் சொல்லி.

"முன்விரோதம் என்ன?"ன்னுதான்
இன்ஸ்பெக்டர் முதல்ல கேட்டாரு.
வரப்பா, நகையா, கோயில் மரியாதையா?
எங்க பக்கத்துல
காரணம் இல்லாத கொலைக்குக் காகிதம் நகராது.
கடைசியில அவரே எழுதிக்கிட்டாரு:
பதினாலாயிரம் கைமாத்து.
கொம்பையா வாங்கினது நிசந்தான்.
திருப்பிக் குடுத்ததும் நிசந்தான்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில தலை நிறைய வயர் ஒட்டி
மூணு ராத்திரி பாத்தாவ.
சீக்கு இருக்கு,
ஆனா அந்த ராத்திரி என்னன்னு
மிஷினுக்குத் தெரியாதுன்னாரு டாக்டர்.
தூங்குதவன் மட்டம் பாப்பானான்னு
அரசு வக்கீல் சிரிக்காரு.
எண்பத்தி நாலாம் பிரிவுன்னு இவரு சொல்லுதாரு,
புத்தி தெளிவில்லைன்னு ஆனா வெளிய வரலாமாம்.
எதிர்க் கூண்டுல நின்ன ஆவுடையப்பன்
அப்பத்தான் முதல்தடவை வாயைத் திறந்தாரு:
"கொன்னவன்னு எழுதுங்க.
பைத்தியம்னு எழுதாதிய.
ரெண்டும் பொட்டப்பிள்ளைய."

நான் தெரியும்னு சொன்ன உடனே
பின் பெஞ்சில இருந்த எங்க அம்மை
செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு
வெளிய போயிட்டா.
திரும்பிப் பாக்கல.

டைப் அடிச்சதை வாசிச்சுக் காட்டினாவ.
"எதிரி துக்கத்தில் எழுந்து நடப்பார்."
சுழி விட்டுப்போச்சு, திருத்திருதேன்னாரு அந்தத் தம்பி.
அவசரமில்ல, இருக்கட்டும்னேன்.
திருத்திட்டாரு.

சாப்பாட்டுக்கு எந்திரிக்க முந்தி
அரக்கு முத்திரையை உடைச்சு
ஒரு பொட்டலத்தைப் பிரிச்சாவ.
சான்றுப் பொருள் நாலு, அடையாளம் தெரியுதாம்மா?

என் பச்சைச் சேலைக் கிழிசல்.
ஒரு முனை நீட்டிக் கிடந்துச்சு.
மறு முனையில
என் காலளவுக்கு வளையமா
முடிச்சு
அப்படியே இருந்துச்சு.