நாற்பத்தேழாம் இலக்கம்

கண் கிளினிக்கில் பெயர் கூப்பிடுவது என் வேலை.
பதினாறு வருசம். தொண்டைக்கு மல்லித்தண்ணி,
மேசைக்கு ஒரு மின்விசிறி, அதுவும் பாதி நாள் ஓடாது.
போன தையில் சுவரில் ஒரு பெட்டி பூட்டினார்கள்.
இனி அது கூப்பிடுமாம்.
நான் தட்டெழுத, அது வாசிக்குமாம்.

பெண் குரல். கடல் கடந்து வந்தது,
மெத்தப் படித்தது, ஒரு மூச்சும் விடாதது.

முதல் நாள், முதல் பெயர்: குருநகர் அன்ரன்.
நாங்கள் எழுதுவது ர. சொல்வது ர இல்லை.
னவும் ரவும் முட்டுகிற இடத்தில்
நாக்கு நுனி ஒருக்கால் பல்லடியில் தட்டிவிட்டு ஓடும்.
ஊருக்கே தெரியும்,
எவரும் எவருக்கும் சொல்லித் தந்ததில்லை.
பெட்டிக்கு எப்படித் தெரியும்?
"அன் ரன்" என்றது எழுத்தெழுத்தாய்,
மீன் முள்ளை எண்ணி எடுத்து வைப்பதுபோல்.

அன்ரன் முதல் வாங்கில்தான் இருந்தார்.
அசையவில்லை.
ஆரோ வெளியூராள் என்று நினைத்தாராம்.

கொம்பியூட்டர்ப் பிள்ளை கௌசிகா சொன்னா:
"அவையின்ர எழுத்தில போட்டுப் பாருங்கோ அண்ணை."
போட்டேன், ஆன்டன்.
"ஆண்டன்" என்றது.
பின் வாங்கில் ஒரு கிழவர்:
"ஆண்டவனையோ கூப்பிடுது?
அவருக்கும் கண்ணில பூ விழுந்திட்டுதோ?"
மண்டபம் சிரித்தது. அன்ரனும் சிரித்தார்,
எழும்பவில்லை.

பிறகு றெஜினோல்ட், கிறிஸ்ரி, மாக்கிறற்...
றகரம் வருகிற இடமெல்லாம்
கல்லு ரோட்டில் ஓட்டைச் சைக்கிள் ஓட்டியது.
மாக்கிறற் மேசையடிக்கே வந்துவிட்டா.
"தம்பி, கடைசியில அது உருட்டுது.
அங்க உருட்டு இல்லை, தட்டு.
அந்தத் தட்டு இல்லாட்டி நான் பாதி மாக்கிறற்."

அப்படித்தான் திரும்பவும் எழும்பி நின்றேன்,
பெட்டிக்குப் பக்கத்தில்,
அது மூலம், நான் உரை.
கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்.

நாற்பத்தேழு.
பெட்டி சொன்னது: எழில்மதி.
எவரும் எழும்பவில்லை.
என் முறை. "எளில்மதி! எளில்மதி!"
வெளியே ஓட்டோத் தரிப்பு வரைக்கும் கேட்கும் குரல் எனக்கு.

மூன்றாம் வாங்கில் ஒரு பெண் கையை மட்டும் உயர்த்தினா,
பொறுங்கோ என்பதுபோல்.
"வாறன் அண்ணன்.
அதை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

கொக்கட்டிச்சோலைப் பிள்ளை.
கலியாணம் செய்து நீர்வேலிக்கு வந்து பதினொரு வருசம்.
மாமிக்கு எளில். புருசனுக்கு எளில்.
வங்கியில் எளில், கோயில் அர்ச்சனையில் எளில்.
"பிழை இல்ல, அன்பாத்தான் கூப்பிடுறாங்க.
ஆனா இங்க வந்த பிறகு
அந்த எழுத்து என்ட வாயில மட்டும்தான் கிடந்த."

யாழ்ப்பாணம் என்று எழுதிவிட்டு
யாள்ப்பாணம் என்று சொல்லுகிறவன் நான்.
ஊர்ப் பெயரிலேயே பிடிபட்டவன்.
வாய் திறக்கவில்லை.
திரும்ப ஒலிக்கிற பொத்தான் பச்சை நிறம்,
அதுவரை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

எழில்மதி, என்றது பெட்டி,
முன்னைப் போலவே, மூச்சு விடாமல்.
எங்கேயோ ஒரு குழந்தை செருமியது.
அவ சேலைத் தலைப்பைச் சரிசெய்து எழும்பி,
கண் நிறைய மருந்தோடு,
எது படி எது நிலம் என்று தெரியாமல்
குரல் வந்த சுவரை நோக்கி நடந்தா.
டொக்டரின் அறை இடப்பக்கம்.
ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

நாற்பத்தெட்டு, பற்றிக்.
அதற்கு நான்தான் சரி.