நேர்கோட்டுக் குறிகள்

சனிக்கிழமை. தண்டையார்பேட்டையில்
எங்கள் பள்ளிதான் இன்று பயிற்சி மையம்.
எட்டாம் வகுப்பு ஆ பிரிவை
நானே திறந்துவிட்டு
சாவி பிடித்த கையோடு வருகைத்தாளில் கையெழுத்திட்டு
மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன்.
முட்டி இடித்தது.
பதினெட்டு வருடமாக இந்த பெஞ்சை
எதிரே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

வெளியே கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டி
அரையடி அரையடியாக நகர்கின்றன.
ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கும்,
திறந்தால் பேச்சு கேட்காது.
திறந்தே வைத்தோம்.

கருத்தாளர் ஆஷிகாவுக்கு என் மகள் வயது.
பலகையில் எழுதினாள்:
அரை வகுத்தல் மூன்றில் ஒன்று.
"தலைகீழாக்கிப் பெருக்கு. ஒன்றரை."
டெல்லிபாபு சார் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.
"சரி சார். ஏன் தலைகீழா?"

மின்விசிறி ஒரு சுற்று போய் வந்தது.
புளோரா டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினார்.
தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்து
கொஞ்ச நேரம் எங்களைக் காப்பாற்றியது.
"அது வந்து மேடம்... ரூல்."
நாற்பது பேரும் சிரித்தோம்.
நாற்பது பேரிடமும் இருந்தது அந்த விடைதான்.

ஆளுக்கொரு காகிதப் பட்டை தந்தாள்.
இரண்டாக மடிப்பது சுலபம்.
மூன்றாக மடித்தால்
இரண்டு பங்கு ஒழுங்காக வருகிறது,
மூன்றாவது துருத்திக்கொண்டு நிற்கிறது
பரீட்சை அன்று வராத பையன் மாதிரி.
நகத்தால் மடிப்பைத் தேய்த்தேன்.
அரைக்குள்ளே முழுசாக ஒரு மூன்றில் ஒன்று,
பக்கத்தில் இன்னொன்றின் பாதி.

ஒன்றரை.
விடை எப்போதும் தெரியும்.
பார்த்தது இன்றைக்குத்தான்.
எம்.எஸ்சி.யும் பி.எட்.டும்
ஒரு துண்டுக் காகிதத்தைக் குனிந்து பார்த்தன.

அதை நகர்த்தியபோது கண்ணில் பட்டது:
காம்பஸ் முனையால் மரத்தில் கீறிய கோடுகள்.
நான்கு நிமிர்ந்து நிற்க, ஐந்தாவது குறுக்கே படுத்து,
கட்டுக் கட்டாக.
புள்ளியியலில் நான் சொல்லித்தந்த அதே முறை.
பிழையே இல்லை.
மூன்று கட்டு, உதிரி இரண்டு.
மேலே தலைப்பு ஓர் எழுத்தில்: பு.

டீயும் ஆறிப்போன மசால்வடையும் வந்தன.
"புறாவா இருக்கும்," என்றார் புளோரா டீச்சர்,
"சன்ஷேடுல வந்து உக்காருதே."
"புகார் டீச்சர்," என்றார் டெல்லிபாபு,
"உங்க மேல."

எலுமிச்சை சாதப் பொட்டலம்.
பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ.
பேனரில் 'கனிதம்' என்று இருந்தது,
உயரமான இருவரை அந்த எழுத்தின் முன் நிறுத்தினோம்.

மதியம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில்
மைனஸை மைனஸால் பெருக்கினாள் ஆஷிகா.
எண்கோட்டில் ஓர் ஆள் பின்பக்கம் திரும்பினான்,
பின்னாலேயே நடந்தான்,
எப்படியோ பிளஸ்ஸில் போய் நின்றான்.
"புரிஞ்சுதா?"
"புரிஞ்சுது மேடம்."
ராகம்கூட எட்டாம் வகுப்பு ராகம்.
அதில் என் குரலும் இருந்தது.
எனக்குப் புரியவில்லை.

பு.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம்.
பதினேழால் வகுத்தேன்.
இரண்டேகால் நிமிடத்துக்கு ஒருமுறை,
மீதி கொஞ்சம்.
திரும்பி நின்று பலகையை அழித்தபடியே
நான் கேட்டதையும் சேர்த்திருப்பான்.

இங்கே உட்காருபவர்கள் மூன்று பேர்:
இம்தியாஸ், ஜோயல், வாயே திறக்காத லோகசுந்தர்.
யாரென்று கேட்கப் போவதில்லை.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"
கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டிருந்த
டெல்லிபாபு சார் தலையாட்டினார்.
நான் பள்ளிச் சாவியை எடுத்து
உதிரி இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
பதியவில்லை.
மறுபடி இழுத்தேன்.

மரம் நினைத்ததைவிடக் கெட்டி.
ரொம்ப அழுத்தியிருக்கிறான் பிள்ளை.