நூற்று நாற்பத்து நான்கு ஞாயிறு

முதுநகர் இரும்புக்கடையில்
இரண்டு தாள் எழுதித் தந்தார் ஹபீப் மரைக்காயர்.
ஒன்று முப்பத்தெட்டாயிரம்:
சிமெண்ட் கால், நாலு வரி முள்கம்பி.
மற்றது ஒரு லட்சத்து இருபத்து நாலு:
கருங்கல் கால், கனத்த துத்தநாகப் பூச்சு வலை.
"தாழங்குடான்னு சொல்றீங்க, உப்புக்காத்து.
யோசிச்சுக்குங்க."
யோசிக்க என்ன இருந்தது.
கையில் இருந்தது நாற்பது.

அறுபது சென்டில் சவுக்கு நாற்று
சுண்டுவிரல் உயரத்தில் பச்சைப் புகைபோல் நின்றது.
முதல் வருடம் வேலி காலை வெயிலில் மினுங்கியது.
நெய்வேலி ஷிப்டிலிருந்து வந்த இவரிடம்
"எண்பத்தாறாயிரம் மிச்சம்" என்றேன்.
மிச்சம் எங்கே என்று இவர் கேட்கவில்லை.
இல்லாத பணத்தை மிச்சம் பிடிப்பதில்
எங்களுக்கு நல்ல பழக்கம்.

காற்று கிழக்கேயிருந்து வரும்.
கம்பியை அது அறுப்பதில்லை, நக்கும்.
இரண்டாம் வருடம் முள்முனைகளில் வெற்றிலைச் சிவப்பு.
மூன்றாம் வருடம் காலுக்குள் கம்பி வீங்கி
சிமெண்ட் நெடுக வெடித்தது,
பெற்ற வயிற்றின் வரிகள் போல.

நோட்டில் இருக்கிறது:
ஆயிரத்து எண்ணூற்றைம்பது, கட்டுக்கம்பி, பெயிண்ட்.
ஆறாயிரத்து நானூறு, கால் ஒன்பது.
பதினோராயிரத்து இருநூறு, ஐப்பசிப் புயல்.
இரண்டாயிரத்து முந்நூறு, எதற்கென்று எழுதவில்லை.
போன வருடம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.
இதற்கு நடுவே ஒரு ராத்திரி
வில்வராணியின் ஆடுகள் இறங்கி
ஒன்பதாயிரம் நாற்றைத் தலைகொய்தன.
ஒன்றரை ரூபாய் வீதம் பதின்மூவாயிரத்து ஐந்நூறு.
சண்டைக்குப் போனேன்.
"ஆட்டுக்குப் படிக்கத் தெரியாதுக்கா,
வேலின்னு எழுதி வச்சாலும்" என்றாள்.
திரும்பி வந்துவிட்டேன்.

வேலி போட்டதையும் சேர்த்து எல்லாம் கூட்டினேன்.
தொண்ணூற்று இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது.
மறுபடி கூட்டினேன். அதுவேதான்.
அந்த ஒரு லட்சத்து இருபத்து நாலை
இன்னும் தொடவில்லை.
அப்படியானால் நான் தோற்கவில்லை.
அப்படியானால் இந்தக் கை
ஏன் இப்படி இருக்கிறது?

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் போட்ட டி.டி. ஊசிகள்
இலவசம், அதனால் நோட்டில் இல்லை.
இவர் வீட்டிலிருக்கும் ஒரே நாள் ஞாயிறு.
மாதம் இரண்டு வேலிக்குப் போயின.
ஆறு வருடத்தில் நூற்று நாற்பத்து நான்கு.
மீதித் தொகையை அதனால் வகுத்தேன்:
ஞாயிறு ஒன்றுக்கு இருநூற்றுப் பதினேழு ரூபாய்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.
சித்தாள் கூலி அதைப்போல் மூன்று மடங்கு, ஒருத்திக்கு.

"நல்ல வேலி போட்டுட்டா
ஞாயித்துக்கிழமை என்ன செய்வோம்?"
"தூங்கலாம்" என்றார்.
யோசிக்காமல் சொன்னார்.

லட்ச ரூபாய்ச் சீட்டை
இருபத்தோராயிரம் தள்ளி எடுத்தேன்.
அந்தத் தள்ளுபடியும் வேலி விலைதான்,
எந்தத் தாளிலும் ஹபீப் அதை எழுதவில்லை.
விலை ஆறு வருடம் ஏறியிருந்தது.
நாற்றுக்கடன் போக
கிழக்குக்கும், வடக்கில் பாதிக்கும் கல் வந்தது.
மேற்கில் பழையதே.
அதன் ஓரமாய்க் கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறேன்,
வேர் பிடிக்குமோ என்னவோ.

இன்று ஞாயிறு.
இவர் தூங்குகிறார், வாய் திறந்து.
கிழக்கில் காற்று
புது வலையை நக்கிப் பார்க்கிறது.
இடுக்கியை எடுத்துக்கொண்டு மேற்கே வந்தேன்.
இரண்டாம் வரி தொய்ந்திருக்கிறது.
இழுத்துப் பிடிக்கவும் முறுக்கவும்
ஒருத்திக்குக் கை போதாது.
எழுப்பப் போகவில்லை.
கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறேன்.