வலப்பாதியில் ஆவி இல்லை

திட்டம் முழுவதும்
பச்சைத்தேயிலை எடைச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.
நடுவில் ரோசலின் கிழித்த ஒரு கோடு.
இடது கட்டத்தில் ஒரு குச்சி மனுஷி,
வலது கட்டத்தில் அதே குச்சி மனுஷி,
இரண்டுக்கும் என் ரெட்டைச் சடை.
முன்பக்கத்தில் பதினேழு கிலோ முந்நூறு,
ஈரக் கழிவு போக பதினாறு.

மூன்று நிமிடப் படம்.
திங்கட்கிழமை பென்டிரைவில் கொடுக்கவேண்டும்.
கேமரா, போஜனின் போன்.
முக்காலி அவன் மாமாவின் கல்யாண ஸ்டூடியோவில்
கெஞ்சி வாங்கியது. ஒரு கால் குட்டை.
அதற்கு அடியில் கணக்குப் புத்தகம்.

நடுக்கோட்டை மறைக்க ஒரு மரம் வேண்டும் என்றாள்.
கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
ஒரு சில்வர் ஓக்கைப் பிடித்தோம்.
மரம் நேர்தான்.
எங்கள் முக்காலிக்குத்தான் கோத்தகிரியே சாய்வு.

மரத்துக்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தங்கை.
இருவரும் நான்.
கதை, கைவசம் இருந்த உடுப்பிலிருந்து வந்தது:
ஒரே ஒரு சிவப்பு ஸ்வெட்டர்.
ஆகவே அக்கா போட்டிருப்பாள்,
தங்கை கேட்பாள்.

ரோசலின் விரல் மடக்கிச் சொன்னாள்:
முதலில் இடது பாதி, பிறகு வலது.
இடையில் போனை ஒருவரும் தொடக்கூடாது.
மரத்தைத் தாண்டி விரல்கூட நீளக்கூடாது,
நீண்டால் வெட்டுப்படும்.
ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும்
மனசுக்குள் மூன்று எண்ணு,
அவள் பதில் சொல்ல இடம் வேண்டாமா?
பார்க்கவேண்டிய திசையில்
ஒரு கவாத்துக் கம்பு நட்டு
அதன் தலையில் போஜனின் குரங்குக் குல்லா.

ஆறே முக்கால்.
"தரமாட்டேன்" என்றேன் குல்லாவிடம்.
ஒன்று, இரண்டு, மூன்று.
"போன வருஷம் நீ தொலைச்சதுக்கு
நான்தான் அடி வாங்கினேன்."
ஒன்று, இரண்டு, மூன்று.
குல்லா குறுக்கே பேசவில்லை.
எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

ஸ்வெட்டரைக் கழற்றி வலப்பக்கம் போகையில்
போஜன் கையைத் தூக்கினான்.
கீழ்வரிசையில் காட்டெருமை.
ஐந்து. அதில் ஒன்று கன்று.
முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு
மேயவுமில்லை, போகவுமில்லை.
நாங்கள் பம்ப் ரூமுக்குள் பதுங்கினோம்.
போன் மட்டும் தனியாக நின்று
கன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.
தொடக்கூடாது என்பதுதானே பேச்சு.

அவை நகர ஒன்பதாயிற்று. வெயில் ஏறிவிட்டது.
கம்பைப் பிடுங்கி அக்கா நின்ற இடத்தில் நட்டு
தங்கையாக நின்று ஸ்வெட்டர் கேட்டேன்.
குளிரவேயில்லை.
நடுங்குவதாக நடித்தேன்.

ராத்திரி ரோசலின் வீட்டுக் கம்ப்யூட்டரில்
பாதியோடு பாதியை ஒட்டினோம்.
மரம் பொருந்தியது, பட்டையின் வெடிப்புவரை.
பேச்சும் பொருந்தியது.
போஜன்தான் திரையருகே மூக்கைக் கொண்டுபோனான்.
"இங்க பாரு. அக்கா வாயில ஆவி வருது.
தங்கச்சிக்கு வரல."

சொல்லுக்குச் சொல் அக்காவிடமிருந்து
வெள்ளையாக ஓர் ஊதல் கிளம்பி
மரம்வரை வந்து அறுந்தது.
மரத்துக்கு அப்புறம்
தங்கை நல்ல வெயிலில் நிற்கிறாள்.
வாய் அசைகிறது, ஒன்றும் கிளம்பவில்லை.
ஸ்வெட்டர் கேட்கிறாள்.

"யோகராணி, நீ செத்துட்டே" என்றான்.
ரோசலின் சிரிக்கவில்லை.
மறுபடி ஓட்டினாள். இன்னொரு தரமும்.
எங்கும் பிசகாத அந்த மூன்று எண்ணிக்கை
பதிலுக்கு விட்ட இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.
திரையில் என் முகம்
இனிமேல் பதில் வராது என்று தெரிந்தும்
நிற்கிற ஒருத்தியின் முகம்.

நாளைக்கு மறுபடி எடுக்கலாமா, ஞாயிறு இருக்கிறதே
என்று கேட்டேன்.
அவள் எடைச்சீட்டை விரித்தாள்.
ரப்பரை எடுத்து
வலது குச்சி மனுஷியின் கால்களை அழித்தாள்.
வசனத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.
காட்டெருமைக்கு நன்றி போடணும் என்றான் போஜன்.
போட்டோம், ஐந்து பேருக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பத்து மணி.
ஸ்வெட்டர் என் மேல்தான் இருந்தது.
பால் டெப்போ விளக்கடியில் நின்று
யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு
ஒருமுறை
ஊதிப் பார்த்தேன்.