பயணச்சீட்டு உறையின் பின்பக்கம்

மைமூன் டீச்சர்,
விசா நகலும் சீட்டும் உள்ளே இருக்கின்றன.
பின்பக்கம் நான் எழுதியிருப்பதை
விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்காதீர்கள்.
கார் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் படியுங்கள்.
சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்,
கீழக்கரைக் கடை ஒன்பது வரை திறந்திருக்கும்.

முதலில் ஸ்டேஷன்.
வெனிஸ் என்ற பெயரில் இரண்டு உண்டு.
மெஸ்த்ரே என்று ஒட்டு வைத்தது கரை.
அங்கே இறங்கி ஊர் எங்கே என்பது
மண்டபத்தில் இறங்கி
ராமேஸ்வரம் கோபுரத்தைத் தேடுகிற மாதிரி.
மாசிலாமணி தேடினார். மழையில். ஒன்றரை மணி நேரம்.
நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்.
இரண்டு பக்கமும் தண்ணீர் வரும், பாம்பன் போலவே;
அதற்கப்புறம்தான் ஊர்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும்.
உருளைகள் சமதரையில்தான் உதவும்,
அங்கே பாலமெல்லாம் படி.
எத்தனை பாலம் என்று கேட்பீர்கள், பிசிக்ஸ் டீச்சர்.
உங்கள் விடுதிக்கு மூன்று என்றான் உவைஸ்.
நான்கு என்றாள் அவன் மனைவி.
பெட்டியைத் தூக்கியது அவள்.
நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தவறும்.
போனில் தெரிகிற நீலப் புள்ளி
சந்துக்குள் நுழைந்ததும் கிறுகிறுத்துவிடும்.
சுவரில் மஞ்சள் பலகை, அம்புக்குறி. அதைப் பிடியுங்கள்.
நம் தெருச் சந்துகளில் நடந்த கால்களுக்கு
இதெல்லாம் பெரிதில்லை,
ஒன்றைத் தவிர:
அங்கே சில சந்து நேராகப் போய்
தண்ணீரில் முடியும்.
தடுப்பு கிடையாது.

மீன் தாராளமாகச் சாப்பிடலாம்.
ஆனால் அட்டையில் போட்டிருக்கும் விலை
சில கடைகளில் நூறு கிராமுக்கு.
சேகு நெய்னா நாற்பது வருடம் லாஞ்சு வைத்திருந்தவர்,
பார்த்த பார்வையில் எடை சொல்பவர்.
அங்கேயும் சரியாகத்தான் சொன்னார், ஒன்றே கால் கிலோ.
விலைதான் முழு மீனுக்கு என்று நினைத்துவிட்டார்.
அந்த பில் இன்னும் பர்ஸில் இருக்கிறது.
கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள்.
உட்கார்ந்தால் நாற்காலிக்கும் காசு,
பெரிய சதுக்கத்தில் என்றால் வயலினுக்கும்.
புறாவுக்கு எதுவும் போடாதீர்கள்.
படகில் ஏறும் முன் சீட்டைக் கருவியில் தொட்டுவிடுங்கள்,
வாங்கியது மட்டும் போதாது.
இதில் எதுவும் என் புத்தி இல்லை, டீச்சர்.
ஒவ்வொரு வரிக்கும் இந்த ஊர்க்காரர் யாரோ
அபராதம் கட்டியிருக்கிறார்.
நான் போனது கொழும்பு வரை.

நீங்கள் போவது நவம்பர்.
இங்கே வாடை கிளம்புகிற நாட்களில்
அங்கே கடல் தெருவுக்குள் வரும்,
கணுக்கால் வரை, சில நாள் முழங்கால்.
வருவதற்கு முன் சைரன் ஊதுவார்கள்.
நோன்பு திறக்கிற ஞாபகத்தில்
பேரீச்சம்பழத்தைத் தேடாதீர்கள்.
மேட்டுப் பலகை போடுவார்கள், அதன்மேல் வரிசையாக நடக்க வேண்டும்.
நடுவில் நின்று போட்டோ எடுத்தால்
எல்லா மொழியிலும் திட்டு விழும்.

உறையில் இடம் முடிந்துவிட்டது.
ஓரத்தில் நெருக்கி எழுதுகிறேன், திருப்பிப் பிடித்துப் படியுங்கள்:

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள்.
சுற்றிலும் உப்பு நிற்கிற அந்த ஊரில்
தெருமுனைக்கு ஒரு குழாய்,
நல்ல தண்ணீர், ராப்பகலாக, காசில்லை.
போனவர்கள் எதையெதையோ மாற்றி மாற்றிச் சொன்னார்கள்,
இதை மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்,
குரலைத் தாழ்த்தி.
லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து
இங்கே உட்கார்ந்துதான் சேகு நெய்னா சொன்னார்,
பில்லைக்கூட எடுக்காமல்:
வீணாக ஓடுகிறதே என்று
மூடப் போனாராம்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம்.
திருகு இல்லை.