ஏப்பத்துக்கு ஒரு கட்டம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆடிக் காற்று எதையும் மிச்சம் வைக்காது.
சூளைப் புகை தலைநீட்டும் முன்பே
பிய்த்துக் கிழக்கே எறிந்துவிடும்.
காற்றுக்கு முந்திப் பிடிக்க வேண்டும்.
அதற்குத்தான் இந்தக் கோபுரம்,
பச்சை அட்டைப் பதிவேடு,
இரவு ஷிப்டில் நான்.

உள்ளே தூறிக்கொண்டே இருக்கிறது அமீன்.
மீன் கழுவிய தண்ணீர் வாடை.
"எங்க வீட்டு முற்றத்து மணம்லா இது" என்று
வந்த அன்றே சிரித்தவன் இனயத்து ஷிஜின்.
ஆறியிருக்கையில் கரியமில வாயுவைக் கட்டிக்கொள்ளும்,
சூடேற்றினால் கைவிடும்.
சூடேற்ற முந்திரித்தோடு எரிக்கிறோம்.
அந்தப் புகைக்குத் தனிப்பக்கம்,
சிவப்பு மையில்.

பிடித்தது நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
பாதி, உருளைகளில் ஏறித்
தக்கலை சோடாக் கம்பெனிக்குப் போகும்.
'பயன்பாடு' என்று எழுதச் சொன்னார்
பொறியாளர் றெஜிலா.
எழுதிவிட்டுக் கேட்டேன்:
கல்யாண வீட்டில் மூக்குமுட்டத் தின்றவன்
பன்னீர் சோடா குடித்து, நெஞ்சைத் தடவி
ஒரு ஏப்பம் விடுவானே மேடம்,
அது எந்தக் கட்டம்?

அவர் சிரிக்கவில்லை.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.
தலைப்பு இடவில்லை.
மாதக் கடைசியில்
அந்தக் கட்டம்தான் முதலில் நிரம்புகிறது.

மீதிப் பாதி கல்லாகும்.
உருக்காலைக் கசடும் மணலும் பிசைந்த ஈரக்கட்டிகளை
இரும்பறையில் அடுக்கி, கதவைத் திருகி,
வாயுவைத் திறந்துவிட்டால்
ராத்திரி முழுக்கக் குடிக்கும்.
விடியலில் தட்டினால் கணீரென்கிறது.
எடைபோட்டால்
முந்தின நாளைவிட இரண்டு கை உப்பளவு கூடுதல்.
நாங்கள் பிடித்தது அந்தக் கனத்தைத்தான்.

நேற்று ஒரு ஆர்டர்.
எண்ணூறு கல், அடுக்களைச் சுவருக்கு.
பெயர்: ஷிஜின்.
ஊழியர் தள்ளுபடி பத்து சதவீதம்.
காரணம் கேட்கும் இடத்தில்
கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தான்:
பழைய சுவரைக் கடல் எடுத்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவனும் வானத்தைப் பார்க்கவில்லை,
சூளைக் குழாயைப் பார்க்கவில்லை,
கயிற்றின் முடிச்சைத்தான் இழுத்துப் பார்த்தான்.

லாரி கிளம்புமுன்
'சேமிப்பு' என்ற கட்டத்தில் எண்ணை எழுதினேன்.
எத்தனை காலத்துக்கு என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

"நூறு வருசம்னு போடுங்க" என்றான்
கல் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தபடி,
"கடலு சம்மதிச்சா."

போட்டேன்.
பென்சிலில்.