பதினோரு நிமிடம்

உர்வே டாக்டருக்கு என்னைத் தெரியும்.
அப்பாவின் ஈரல் தெரியும்,
மகன் டானெல் ஒன்பது வயதுவரை திக்கியது தெரியும்,
எந்தக் கையில் நரம்பு அகப்படும் என்று
தொடாமலே தெரியும்.
சாரெமா தீவில் அவர் அறைக்கு வெளியே
மூன்று நாற்காலி,
நடுவில் இருப்பதற்கு ஒரு கால் குட்டை.
இருபத்தாறு வருடமாக
அதில்தான் ஆடாமல் உட்காரப் பழகியிருக்கிறேன்.

எலும்பு வலிக்கிறது என்றேன்.
பெயர்கள் மறந்துபோகின்றன,
பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே
அடுத்த நிறுத்தம் எதுவென்று
பின்னால் இருக்கும் பிள்ளைகளைக் கேட்கிறேன் என்றேன்.
ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன்
என் முகத்தைப் பார்த்தார்.
"ஆர்வோ ஃபின்லாந்திலிருந்து வரவே இல்லையா, ஐலி?"
அழுதுவிட்டேன்.
அழுகைக்கு ஒரு மாத்திரை எழுதினார்.
அழுகையும் உண்மைதான்,
மாத்திரையும் கேட்டது.
வலி மட்டும் அப்படியே இருந்தது.

ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம்.
வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்,
அவர்களுக்கும் அவரவர் நாற்பது நிமிடம் உண்டு.
மூன்று குளிர்காலம் இப்படிப் போயிற்று.

பிறகு ஓர் இரவு சிறுநீரகக் கல்
என்னைச் சமையலறைத் தரையில் உருட்டியது.
அவசரப் பிரிவில் யாரோ ஓர் இளைஞன்
தார்த்துவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான்.

பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு படகு,
அப்புறம் பேருந்து.
(இன்னொருவர் ஓட்ட நான் உட்கார்ந்திருப்பது
எனக்கு ஒத்துவராத வேலை.
வளைவுதோறும் என் கால் பிரேக்கைத் தேடியது.)
ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் இல்லை:
ஐந்நூற்றுப் பதினேழு.
நாற்காலிகள் எல்லாம் ஒரே உயரம்.

டாக்டர் வாஹெர் திரையைத்தான் பார்த்தார்.
ஆர்வோவைப் பற்றிக் கேட்கவில்லை,
மகன், பேருந்து, தூக்கம், எதுவும் இல்லை.
மூன்று வருட ரத்தப் பரிசோதனைகளை
ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி
ஒரே ஓர் எண்ணைப் பேனா முனையால் தொட்டார்.
கால்சியம்.
மூன்று தடவையும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட.
கழுத்தில் நான்கு சுரப்பிகள் இருக்குமாம்,
ஒவ்வொன்றும் ஒரு தானிய மணி அளவு.
அதில் ஒன்று பருத்து,
ராப்பகலாக என் எலும்பைச் சுரண்டி
ரத்தத்தில் கொட்டுகிறதாம்.
மறதி அதனால், வலி அதனால், கல்லும் அதனால்.
எடுத்துவிடலாம்.

"அப்படியானால் என் துக்கம்?" என்றேன்.
"அது என் துறை இல்லை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்:
பதினோரு நிமிடம்.
நடைவழியில் நின்று சிரித்தேன்.
தரை துடைக்கிறவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.
என்னைத் தெரியாத ஒருவர்,
தெரியாததால்தானோ என்னவோ,
கண்டுபிடித்துவிட்டார்.
நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன்.
அந்த மறதியும் சுரப்பியின் கணக்கில் போகட்டும்.

அறுவை முடிந்து திரும்பும் படகில்
உர்வேயிடம் சொல்ல வேண்டியதை
வாக்கியம் வாக்கியமாகக் கூர்தீட்டிக்கொண்டு வந்தேன்.
மேசைமேல் என் பழைய தாள்கள்
ஏற்கெனவே விரிந்து கிடந்தன.
மூன்று இடத்தில் சிவப்பு மையில் கோடு.
மை இன்னும் புதுசு.

"எண்ணைப் பார்த்தேன், ஐலி.
உன்னை நினைத்துக்கொண்டே பார்த்தேன்."

தீட்டிய வாக்கியங்கள்
கோட்டுப் பையில் கையுறையோடு தங்கிவிட்டன.
மன்னித்தேனா என்று கேட்டால்
இன்றைக்கும் சரியாகத் தெரியாது.
முகவாயை உயர்த்தச் சொல்லி
தழும்பைக் கட்டைவிரலால் வருடினார்.
விரல் குளிர்ந்திருந்தது, எப்போதும்போல.
"ஆர்வோ..." என்று தொடங்கியவர்
சட்டென்று நிறுத்தி,
கண்ணாடியை மாட்டிக்கொண்டு,
"கால்சியம் இப்போது எவ்வளவு?" என்றார்.

இரண்டு புள்ளி மூன்று என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எழுதியதை இன்னொரு தடவை படித்தார்.
அப்புறம், அவர் கேட்காமலே,
ஆர்வோவின் கிறிஸ்துமஸ் அட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.
வெளியே
நடு நாற்காலி ஒரு பக்கம் சாயும் சத்தம்.
யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.